பெரிய பாட்டியின் வாள்

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அரசர்களும், போர்களும், உடன்படிக்கைகளும், அவை நிகழ்ந்த ஆண்டுகளுமே. பள்ளியிற் பயிலும் பிள்ளைகளுக்கு அவற்றையே கற்பிக்கின்றோம். தேர்விலும் அவற்றையே வினவுகின்றோம். ஆயினும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வரலாறு உண்டு. அது நூலில் ஏறுவதில்லை. சமையற்கட்டிலும், கடைவீட்டின் ஐந்தடியிலும், சாவு வீட்டின் பின்னிரவிலும் அது பேசப்படுகிறது. பேசுவோர் மறைந்ததும் தானும் மறைகிறது. அவ்வாறு மறைந்துபோக இருந்த ஒரு பெண்ணின் கதையைத் தேடிச் சென்றதன் விளைவே இக்கட்டுரை.

புறநானூற்றில் மூதின்முல்லை என்றொரு துறை உண்டு. மறக்குடியிற் பிறந்த பெண்டிரின் நெஞ்சுரத்தைப் பாடுவது அது. போரில் தன்னவரை இழந்த பின்னும், தன் ஒரே மகனைத் தலைவாரி, வேலைக் கையிற் கொடுத்துப் போர்க்களத்துக்கு அனுப்பிய தாயை ஒக்கூர் மாசாத்தியார் பாடினார். அந்தத் தாயை எண்ணித் தமிழுலகம் ஈராயிரம் ஆண்டுகளாக வியந்து வருகிறது. அவள் மகனை அனுப்பினாள், தான் செல்லவில்லை. ஆனால் 1943-ஆம் ஆண்டில், இதே சிங்கப்பூரில், தமிழ்ப் பெண்கள் தாமே படையிற் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் என் பாட்டியின் தமக்கையார். நாங்கள் அவரைப் பெரிய பாட்டி என்று அழைப்போம். தம் பெயர் அச்சில் வருவதை அவர் ஒருபோதும் விரும்பியிருக்க மாட்டார்; ஆதலின் இங்கும் அப்பெயரை எழுதாமல் விடுகின்றேன்.

வீட்டில் வழங்கிய கதை

எங்கள் குடும்பத்தில் வழங்கிவந்த கதை இதுதான்: பெரிய பாட்டி நேதாஜியின் படையிற் சேர்ந்தார், பர்மா எல்லைக்குச் சென்றார், வாளேந்திப் போர் புரிந்தார், அதனை நேதாஜியே நேரிற் கண்டு கைதட்டிப் பாராட்டினார். இந்நான்கு செய்திகளையும் என் தாயார் எனக்குச் சொன்னார். என் மாமன்மார் பொங்கல் விருந்தில் இன்னும் சற்று மெருகேற்றிச் சொன்னார்கள். ஆனால் இவை எல்லாம் சொல்லப்பட்டது பெரிய பாட்டி மறைந்த பிறகே. அவர் உயிரோடிருந்த காலத்தில், அவர் முன்னிலையில், ஒருவரும் வாய் திறந்ததில்லை.

அவரிடமே கேட்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. 1992-ஆம் ஆண்டில் நான் ஆசிரியர் பயிற்சி மாணவனாக இருந்தேன். குடும்பத்து மூத்தோர் ஒருவரிடம் பழங்காலச் செய்திகளைக் கேட்டு எழுதி வருமாறு எங்களுக்குப் பணித்திருந்தார்கள். குறிப்பேடும் கையுமாகப் பெரிய பாட்டியிடம் சென்றேன். துவைத்து உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்து, "அதெல்லாம் எதுக்குய்யா இப்ப? வேற ஏதாச்சும் எழுதிக்கிட்டுப் போ" என்றார். நானும் அண்டை வீட்டு முதியவர் ஒருவரிடம் ஜப்பானியர் காலத்து விலைவாசியைக் கேட்டு எழுதிக் கொடுத்து, நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். அடுத்த ஆண்டு பெரிய பாட்டி காலமானார். ஒரு வாசல் மூடியிருந்தால் சற்றுப் பொறுத்து மறுமுறை தட்ட வேண்டும் என்பதை அந்த வயதில் நான் அறியவில்லை.

அவர் விட்டுச் சென்ற சான்று ஏதுமில்லை. சீருடை இல்லை, படம் இல்லை, பதக்கமோ சான்றிதழோ இல்லை. இரண்டு பழக்கங்கள் மட்டுமே எங்கள் நினைவில் நின்றன. ஒன்று, பழைய வேட்டி கிழிந்தால் அதனை நான்கு விரல் அகலத்தில் நீள நீளமாகக் கிழித்து, இறுக்கிச் சுருட்டி, ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைப்பார். மற்றொன்று, துணியை மடிக்கும்போது, "ஏக், தோ, தீன், சார்" என்று மெல்ல எண்ணுவார். இந்தி என்பதை அவர் வேறெங்கும் பேசி நாங்கள் கேட்டதில்லை. சந்தைக் கணக்கைத் தமிழிலும் மலாயிலுமே போடுவார். துணி மடிக்கும்போது மட்டும் அந்த நான்கு சொற்கள் வரும்.

அக்காலத்துச் சிங்கப்பூர்

பெரிய பாட்டி 1925-இல் பிறந்தவர். அவர் தந்தையார் சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். தேக்காவை அடுத்த கெர்பாவ் சாலையில் ஒரு கடைவீட்டின் மேல்தளத்து அறையில் குடும்பம் வாழ்ந்தது. மூத்தவர் ஓர் ஆண். அவர் ஜோகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு வேலையில் இருந்தார். அடுத்தவர் பெரிய பாட்டி. கடைசிப் பெண் என் பாட்டி, 1931-இற் பிறந்தவர்.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஊரின் பெயரையே 'சியோனான்' என மாற்றினர். குண்டு வீழ்ந்த நாள்களில் வீரமாகாளியம்மன் கோயிலில் மக்கள் அடைக்கலம் புகுந்ததை இன்றும் முதியோர் சொல்லக் கேட்கலாம். இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17 அன்று, சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள ஃபேரர் பார்க் திடலில், சரணடைந்த ஆங்கிலேயப் படையைச் சேர்ந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் வித்து ஊன்றப்பட்டது அத்திடலில்தான். கேப்டன் மோகன் சிங் அமைத்த முதற்படை அவ்வாண்டு டிசம்பரிலேயே ஜப்பானியரோடு பிணங்கிக் கலைந்தது. அதற்கு உயிர் கொடுத்தவர் சுபாஷ் சந்திர போஸ்.

அவர் சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலை 2-ஆம் நாள். ஜூலை 4-இல் கேத்தே அரங்கில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ராஷ் பிகாரி போஸிடமிருந்து ஏற்றார். மறுநாள் நகராண்மைக் கழகக் கட்டடத்தின் எதிரே பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். ஜூலை 9-இல் அதே திடலில் பெருந்திரளான மக்களிடையே பேசுகையில், ஆடவர் மட்டும் போதாது, 1857-இல் வாளெடுத்த ஜான்சி ராணியின் பெயரால் பெண்கள் படை ஒன்றும் வேண்டும் என்றார்.

அந்த அழைப்பை ஏற்றுப் பணியைத் தொடங்கியவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1940-இல் சிங்கப்பூர் வந்து, ஏழை எளியோருக்கு மகப்பேற்று மருத்துவம் பார்த்துவந்தவர். ஜூலை 12-இல் நடந்த மகளிர் கூட்டத்துக்கு நேதாஜி வந்தபோது, சேலையுடுத்திய இருபது பெண்கள் கனத்த துப்பாக்கிகளைத் தாங்கி அணிவகுத்து அவரை வரவேற்றனர். ஒரு சில நாளே பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். அக்டோபர் 21-இல் கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டபோது, அமைச்சரவையில் இடம்பெற்ற ஒரே பெண்மணியும் டாக்டர் லட்சுமியே.

வாட்டர்லூ தெரு முகாம்

மறுநாள், 1943 அக்டோபர் 22-இல், வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஏறத்தாழ நூற்றெழுபது பெண்கள் சேர்ந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் மலாயாவிற் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்கள். ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தோர் மிகப் பலர். எந்த நாட்டுக்காகப் போரிட வந்தார்களோ அந்த நாட்டை அவர்கள் கண்ணாற் கண்டதுமில்லை.

முகாமில் வைகறையில் எழுதல், கொடி வணக்கம், உடற்பயிற்சி, அணிநடை, நெடுநடை, துப்பாக்கி சுடுதல், துப்பாக்கி முனை ஈட்டியைக் கையாளுதல், கையெறி குண்டு வீசுதல் ஆகியன கற்பிக்கப்பட்டன. சேலையும் தாவணியும் களையப்பட்டுக் காக்கிக் கால்சட்டையும் சட்டையும் தொப்பியும் வந்தன. படையின் மொழி இந்துஸ்தானி. அதனை உரோமன் எழுத்தில் கற்பித்தனர். தமிழும் மலாயும் அன்றி வேறறியாத பெண்கள் அம்மொழியில் கட்டளையை ஏற்றனர். அம்மொழியில் எண்ணவும் கற்றனர். பெரிய பாட்டியின் "ஏக், தோ, தீன்" எங்கிருந்து வந்தது என்பது இங்கே விளங்குகிறது.

1944 மார்ச்சு 30-இல் ஐந்நூறு பெண்கள் பயிற்சி நிறைவு அணிவகுப்பில் நடந்தனர். அவர்களுள் ஏறத்தாழ இருநூற்றுவர் செவிலியர் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அப்பிரிவுக்கு, அகமதுநகரைக் காத்து நின்ற அரசியின் பெயரால், சாந்த் பீபி பிரிவு என்று பெயர். படையின் மொத்தத் தொகை ஆயிரம் என்பாரும், ஐந்நூறுக்கும் குறைவு என்பாரும் ஆராய்ச்சியாளருள் உள்ளனர். இரங்கூனிலும் பாங்காக்கிலும் முகாம்கள் இருந்தன. ஒரு தொகுதியினர் பர்மாவின் மேமியோ வரை சென்றனர். இம்பால் வீழ்ந்ததும் இந்திய மண்ணில் அடியெடுத்து வைப்பது அவர்கள் நோக்கம். இம்பால் வீழவில்லை. மழையிலும் நோயிலும் பட்டினியிலும் சிதைந்து திரும்பிய வீரர்களுக்கு மருந்திடும் பணியே அவர்களுக்கு வாய்த்தது. 1945 ஏப்ரல் 24-இல் இரங்கூனைவிட்டு நேதாஜி வெளியேறியபோது அப்பெண்களும் உடன் நடந்து, ஏறக்குறைய மூன்று வாரத்துக்குப் பின் பாங்காக்கை அடைந்தனர். பின்வாங்கும் வழியில் இரயில்மீது நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இரு பெண்கள் உயிர்நீத்தனர். ஜான்சி ராணிப் படை போர்முனையில் எதிரியோடு நேருக்கு நேர் பொருதியதில்லை என்பது ஆராய்ச்சியாளர் பலரும் ஒப்புக்கொண்ட முடிவு.

அப்படியானால் எங்கள் வீட்டுக் கதை என்னாவது?

தேடல்

மாணவர்களுக்குச் சான்றில்லாத செய்தியை எழுதாதே என்று கண்டிப்பவன் நான். என் வீட்டுக் கதைக்கு மட்டும் விலக்களிக்க முடியுமா? எனவே அந்நான்கு செய்திகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க முற்பட்டேன். 1979-இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்று நிலையம் ஜப்பானியர் காலத்து நினைவுகளைப் பல மொழிகளிலும் ஒலிப்பதிவு செய்து காத்துவருகிறது. அவற்றுட் பலவற்றைச் செவிமடுத்தேன். 2015-இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் தேசிய இராணுவக் காலத்துப் பொருள்களைப் பலமுறை பார்த்தேன். படங்களில் தெரிந்த ஒவ்வொரு முகத்திலும் பெரிய பாட்டியின் மூக்கைத் தேடினேன். கிடைக்கவில்லை. பெரிதும் உதவியது, 2005-இல் என் பாட்டியின் பேச்சை நான் பதிவு செய்து வைத்திருந்த இரண்டு ஒலிநாடாக்களே. அப்போது பாட்டிக்கு வயது எழுபத்து நான்கு. பேசியவை எல்லாம் அன்று எனக்குச் சிறு செய்திகளாகத் தோன்றியவை.

முதற் கேள்வி: பெரிய பாட்டி பர்மாவுக்குச் சென்றாரா? பாட்டி கூறுகிறார்: 1944 தீபாவளிக்கு மரவள்ளி மாவில் முறுக்குச் சுட்டு, வாழையிலையிற் பொதிந்து, தந்தையாரோடு முகாம் வாசலுக்குக் கொண்டு சென்றார்களாம். அக்காள் வெளியே வந்து வாங்கிக்கொண்டாராம். அடுத்த பொங்கலுக்கும் அவ்வாறே சென்றார்களாம். அதன் பின்னரும் மாதம் தவறாமல் பார்த்து வந்தார்களாம். மேமியோவுக்குச் சென்றவர்கள் அந்நாள்களில் பர்மாவில் இருந்தனர். 1945 மே மாதத்தில்தான் பாங்காக்கை அடைந்தனர். ஆகவே பெரிய பாட்டி அத்தொகுதியில் இல்லை. அவர் பர்மாவைக் காணவில்லை, சிங்கப்பூரைவிட்டே அகலவில்லை. இதனை என் தாயாரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. "உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்றார். அந்தக் கேள்வி நெடுநாள் என்னை உறுத்தியது.

இரண்டாம் கேள்வி: வாள் எங்கிருந்து வந்தது? ஜான்சி ராணிப் படையினர்க்குத் துப்பாக்கியும் துப்பாக்கி முனை ஈட்டியும் இருந்தன; வாள் இல்லை. அதனோடு பின்னிக் கிடந்தது மூன்றாம் கேள்வி: போர்க்களத்தில் நின்று ஒரு தலைவர் கைதட்டுவாரா? கைதட்டல் அரங்கிற்கு உரியதன்றோ!

இவ்விரண்டுக்கும் விடை ஒரு நூலிற் கிடைத்தது. தற்காலிக அரசில் செய்தித் துறை அமைச்சராக இருந்த எஸ்.ஏ. ஐயர் 1951-இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். ஜப்பான் சரணடையும் செய்தி நேதாஜிக்கு எட்டியபோது அவர் சிரம்பானில் இருந்தார். விரைந்து சிங்கப்பூர் திரும்பினார். 1945 ஆகஸ்டு 14-ஆம் நாள் அவருக்குப் பல் பிடுங்கியிருந்தது. ஆயினும் அன்று மாலை, ஜான்சி ராணிப் படைப் பெண்கள் நடித்த நாடகத்தைக் காணச் சென்றார். நாடகம் எதைப் பற்றியது? ஜான்சி ராணியின் வாழ்க்கையைப் பற்றியது.

இதைப் படித்தவுடன் பாட்டியின் ஒலிநாடாவை மீண்டும் ஓடவிட்டேன். "அக்கா கையில கத்தி வச்சுக்கிட்டு நின்னுச்சு. நேதாஜி முன்னுக்கு உக்காந்து கைதட்டினாரு. நான் அப்பா தோள்ல ஏறிப் பாத்தேன்" என்பது பாட்டியின் வாக்கு. நான் பல முறை கேட்டுக் கடந்துபோன வாக்கியம்! பதினான்கு வயதுச் சிறுமியைப் பர்மா எல்லைக்குத் தோளிற் சுமந்து சென்ற தந்தை உலகில் உண்டா? பாட்டி கண்டது போர் அன்று; நாடகம். பெரிய பாட்டியின் கையிலிருந்தது அட்டையிலோ மரத்திலோ செய்த வாள். படைவீரர் கூட்டத்தில் ஒருவராக அவர் நின்றிருக்கிறார். பாட்டி சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனைக் கேட்ட நாங்களே அரங்கைப் போர்க்களமாக்கினோம்.

நாடகம் நடந்த மறுநாள் ஜப்பானியப் பேரரசர் சரணடைதலை வானொலியில் அறிவித்தார். ஆகஸ்டு 16-இல் நேதாஜி சிங்கப்பூரைவிட்டுப் புறப்பட்டார். புறப்படுமுன், முகாமிலிருந்த பெண்கள் பத்திரமாக வீடு சேர ஏற்பாடு செய்தார். ஆகஸ்டு 18-இல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார்.

எஞ்சியது நான்காம் செய்தி: அவர் படையில் என்ன செய்தார்? துணியை நான்கு விரல் அகலத்திற் கிழித்துச் சுருட்டும் பழக்கமே இதற்கு விடை. அது காயத்துக்குக் கட்டும் துணி. "அக்கா கையில எப்பவும் டிஞ்சர் வாடை அடிக்கும்" என்றும் பாட்டி கூறுகிறார். துப்பாக்கி பிடிக்கக் கற்றவர், அதனைக் கீழே வைத்துவிட்டுச் செவிலியராகப் பணியாற்றினார் என்று நான் துணிந்து முடிவு செய்தேன்.

பேசாமையின் காரணம்

வாழ்நாள் முழுதும் அவர் ஏன் வாய் திறக்கவில்லை? 1945 செப்டம்பர் 5-இல் ஆங்கிலேயர் திரும்பினர். அவ்வாண்டு ஜூலை 8-இல் நேதாஜி கடற்கரை எஸ்பிளனேடில் அடிக்கல் நாட்டிய வீரர் நினைவுத் தூணை அவர்கள் அம்மாதமே வெடி வைத்துத் தகர்த்தனர். தூணையே விட்டுவைக்காதவர் ஆளை விடுவார்களா என்று அஞ்சிய தந்தையார், பெரிய பாட்டியின் சீருடையையும், ஒரே ஒரு படத்தையும் அடுப்பிலிட்டார். ஜப்பானியரின் வாழைமர நோட்டுகளும் அதே அடுப்பில் எரிந்தனவாம், அவை செல்லாக்காசாகிவிட்டன. பின்னர் திருமணப் பேச்சு எழுந்தபோது, ஆடவரோடு ஆடவராகக் கால்சட்டையணிந்து முகாமில் வாழ்ந்த பெண் என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்தனர். மறைத்ததை மறைத்தபடியே வாழ வேண்டியதாயிற்று.

இவை காரணங்கள்தாம். ஆயினும் இவற்றினும் ஆழமான காரணம் ஒன்று இருந்தது. அதனைச் சொல்லாமல் விட்டால் என் தேடல் நேர்மையுடையதாகாது.

ஜோகூர்த் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்த அண்ணனை 1943-ஆம் ஆண்டின் நடுவில் ஜப்பானியர் சயாமுக்குக் கொண்டுசென்றனர். சயாமையும் பர்மாவையும் இணைத்து, 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அவர்கள் அமைத்த இரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் வாந்திபேதியாலும், பட்டினியாலும், அடியாலும் மாண்டனர். சென்றவர் கணக்கையும் மாண்டவர் கணக்கையும் ஒழுங்காக எழுதி வைப்பார் இல்லை. எங்கள் பெரிய தாத்தா திரும்பவில்லை. எங்கே இறந்தார், எந்நாளில் இறந்தார், எதனால் இறந்தார் என்பதும் தெரியாது. திதி கொடுப்பதற்கு ஒரு நாள்கூட இல்லாமல், ஆண்டுதோறும் ஆடி அமாவாசையில் அவருக்குப் படையலிட்டார் என் பாட்டி.

அண்ணனைப் பிடித்துச் சென்ற ஜப்பானியர், தங்கை சேர்ந்த படைக்குத் தோழமை நாட்டினர். ஒரே வீட்டில், ஒரே ஆண்டில், ஒரு பிள்ளை அவர்கள் அடிமை. மற்றொரு பிள்ளை அவர்கள் தோழமையில் நின்ற படையின் வீராங்கனை. படையிற் சேரும் பெண் மணமாகாதவளாயின் தந்தையின் ஒப்புதற் கையெழுத்து வேண்டும். அந்தக் கணக்குப்பிள்ளை எந்த மனநிலையில் கையெழுத்திட்டிருப்பார்? பாட்டியிடம் கேட்டேன். "சங்கத்துல இருந்தா ஜப்பான்காரன் வீட்டுப் பக்கம் வரமாட்டான்னு அப்பா நெனச்சாரு. அக்காவுக்கு நேதாஜி பேச்சைக் கேட்டதுலேருந்து தூக்கமில்ல. முகாம்ல சோறும் கெடைச்சுச்சு" என்றார்.

பாதுகாப்பு, பற்று, பசி: மூன்றும் சேர்ந்தே அந்தக் கையெழுத்து. வீர வரலாறு எழுதுவோர் நடுவில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்வர். குறை காண்போர் முதலையும் கடைசியையும் எடுத்துக்கொள்வர். மனித நெஞ்சம் அவ்வாறு பிரித்து அடுக்கப்பட்டதன்று. பற்று இல்லாதவர் பசிக்காக மட்டும் விடியுமுன் எழுந்து நெடுநடை நடக்க மாட்டார். பசியே அறியாதவருக்கு அந்தப் பற்றின் விலையும் தெரியாது.

போர் முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பிவரத் தொடங்கினர். எலும்பும் தோலுமாக வந்த அவர்களிடம் அண்ணனைப் பற்றிக் கேட்டுக் கேட்டுப் பெரிய பாட்டி அலைந்தாராம். ஒருவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதன் பிறகே அவர் பேச்சை நிறுத்தினார் என்று பாட்டி கூறுகிறார். தாம் படையில் இருந்ததை அவர் வெட்கமாகக் கருதினார் என நான் எண்ணவில்லை. பெருமையாகப் பேசும் உரிமை தமக்கு இல்லை என்று கருதினார் என்றே எண்ணுகின்றேன். அண்ணன் திரும்பாத வீட்டில் அந்தக் கதையை எந்த வாயால் சொல்வது?

முடிவாகச் சில சொற்கள்

பிற்காலத்தில் அப்படைக்கு மதிப்பு வந்து சேர்ந்தது. 1972-இல் இந்திய அரசு தொடங்கிய விடுதலை வீரர் ஓய்வூதியத் திட்டத்தில் தேசிய இராணுவத்தினரும் இடம்பெற்றனர். படைத்தலைவியான லட்சுமி, திருமணத்துக்குப் பின் லட்சுமி சேகல் என வழங்கப்பட்டவர், கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்துவந்தார். 1998-இல் பத்ம விபூஷண் விருது பெற்று, 2012 ஜூலை 23-இல் தம் தொண்ணூற்று ஏழாம் வயதில் மறைந்தார். கோலாலம்பூரிலிருந்து சேர்ந்து கேப்டனாக உயர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் 2000-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2014-இல் மறைந்தார். தகர்க்கப்பட்ட தூண் நின்ற இடத்தில், 1995-இல் சிங்கப்பூரின் தேசிய மரபுடைமைக் கழகம் ஒரு நினைவுச் சின்னத்தை நிறுவியது. பெரிய பாட்டிக்கு இவற்றுள் ஒன்றும் கிட்டவில்லை. அவர் எதனையும் கேட்டதுமில்லை.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி மாணவர்களை அந்நினைவுச் சின்னத்துக்கு அழைத்துச் சென்றேன். பண்டைத் தமிழர் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எழுப்பிய வழக்கத்தைக் கூறி, இதுவும் ஒருவகை நடுகல்லே என்றேன். பெரிய பாட்டியின் கதையையும் முதன்முறையாகப் பிறரிடம் சொன்னேன். சிறுமி ஒருத்தி கையுயர்த்தி, "ஐயா, அவங்க யாரையாவது சுட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டார் என்றேன். அவள் சற்று எண்ணிவிட்டு, "எத்தனை பேருக்கு?" என்று கேட்டாள்.

அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. ஆனால் என் தாயார் கேட்ட "உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்பதற்கு அன்று விடை கிடைத்தது. சுட்டாரா என்று கேட்ட குழந்தை, அடுத்த நொடியே எத்தனை பேரைக் காத்தார் என்று கேட்கத் தொடங்கியது. உண்மையைச் சொன்னதால் பெரிய பாட்டி சிறியவராகிவிடவில்லை. வீடு திரும்பி இதனைத் தாயாரிடம் கூறினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியின் மேலிருந்த அந்தத் தகரப் பெட்டியை எடுத்துத் துடைத்து, என் கையிற் கொடுத்தார். உள்ளே சுருட்டிய துணிகள் அடுக்கு மாறாமல் இருந்தன. எண்ணிப் பார்த்தேன்; முப்பத்தாறு.

அன்பர்களே! நம் வீடுகளில் இன்னும் சில முதியோர் இருக்கின்றனர். அக்காலத்தை நேரிற் கண்டோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. கண்டோர் சொல்லக் கேட்டோர் சிலர் உளர். அவர்களிடம் சென்று கேளுங்கள். முதல் நாள் மறுத்தால் மறுநாளும் செல்லுங்கள். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல், மெருகேற்றாமல் பதிவு செய்யுங்கள். சிறு செய்தி என்று எதனையும் ஒதுக்காதீர்கள். நான் ஒதுக்கிய ஒரு வாக்கியத்தில்தான் என் பெரிய பாட்டியின் வாள் பல ஆண்டுகள் மறைந்து கிடந்தது.